அக்கா சாப்பிடாத கொழுப்பு

எங்கள் தோட்டத்து மருந்துக் காம்பராவுக்கு இரத்தம் எடுக்க ஆட்கள் வந்த காலையில், பயந்து நடுங்கியது நான்தான். என் ஓரகத்தி கையை நீட்டிவிட்டு எதிர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி இறங்கியதையும் அவள் கவனிக்கவில்லை, எடுத்ததையும் கவனிக்கவில்லை. "முடிஞ்சுதா மிஸ்?" என்று கேட்டாள். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்ததால் கையில் கட்டி வைத்திருந்த ரொட்டியை நடந்துகொண்டே கடித்தபடி, ரப்பர் பால் வாளியோடு மலைக்கு ஏறிப் போய்விட்டாள்.

அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். யட்டியாந்தோட்டையிலிருந்து பஸ் பிடித்து, இறங்கி, கொஞ்சம் மேட்டில் நடந்தால் எங்கள் ரப்பர் தோட்டம் வரும். லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், அடுத்தடுத்த காம்பராக்களில் அண்ணன் தம்பி குடும்பங்கள் இரண்டும் இருக்கின்றன. அக்கா ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறாள். நான் பஜாரில் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் சிங்களவர்கள். அவர்களோடு பேசிப் பேசி எனக்கு அந்த மொழி நன்றாகவே பழகிவிட்டது. அக்காவுக்குக் கடையில் சாமான் கேட்கிற அளவுக்குத்தான் சிங்களம் வரும்.

எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அக்கா ஒல்லி, சேலையைச் சுற்றினால் பாதி மிஞ்சும். நான் அதற்கு நேர்மாறு. ஞாயிற்றுக்கிழமை கோழி இல்லாவிட்டால் எனக்கு அன்று ஞாயிறே இல்லை. அக்கா சுத்த மரக்கறி. நான் முட்டை பொரித்த தாச்சியை அவள் வீட்டுப் பக்கம்கூட கொண்டுபோகக் கூடாது. அவளுடைய அண்ணன் இறந்த பிறகு மாமிசத்தை விட்டுவிட்டாள் என்பது எனக்குத் தெரியும். பாசத்தில் விட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முடிவு வந்த அன்று மிட்வைஃப் மிஸ் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னார். என் தாளைப் பார்த்துவிட்டு, உடம்பை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். அக்காவின் தாளை இரண்டு தரம் பார்த்தார்.

"ஒங்களுக்குக் கொலஸ்ட்ரோல் ரொம்பக் கூட. எறச்சி, முட்டை, பொரியல் எல்லாம் நிப்பாட்டணும்."

"நான் எறச்சி சாப்புடுறதில்லங்க மிஸ். முட்டையும் இல்ல."

"அப்புடித்தான் எல்லாரும் சொல்லுவாங்க" என்று மிஸ் சிரித்தார். அவர் கெட்டவர் அல்ல. அன்றைக்கு நிறையப் பேரைப் பார்த்த அலுப்பில் சொன்ன சொல் அது. ஆனால் வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் அதைக் கேட்டார்கள்.

அன்று சாயந்திரமே பேச்சு லயம் முழுக்கப் பரவிவிட்டது. அத்தான், அதாவது அக்காவின் புருஷன், வேடிக்கைப் பேச்சுக்காரர். தேத்தண்ணியை வாங்கிக்கொண்டே கேட்டார்:

"ஏன்டி, எங்களுக்கெல்லாம் பருப்பும் சோறும் போட்டுட்டு, நீ மட்டும் மலையில ஒளிச்சு வச்சுச் சாப்புடுறியா?"

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. அடுப்பு ஊதப் போவதுபோல் குனிந்துகொண்டாள்.

மறுநாள் பால் நிறுக்கிற இடத்திலும் அதே பேச்சுத்தானாம். ரப்பர் மரத்தடியில் கோழி சுட்டுத் தின்கிறாளாம், கருவாட்டைச் சீலை முடிச்சில் கட்டிக்கொண்டு போகிறாளாம். சொன்னவர்கள் எல்லாரும் அவளோடு வருஷக்கணக்காக வேலை செய்கிறவர்கள், கேலிக்குத்தான் சொன்னார்கள். ஆனால் அக்காவின் மரக்கறி, அவள் ஊருக்குக் காட்டிக்கொண்ட ஒரே பெருமை. கோயில் திருவிழாவில் பூசைச் சாமான் பக்கம் போக முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அந்த இடத்தில் கை வைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவள் செய்தது எனக்குப் பயமாக இருந்தது. முதலில் தேங்காயை விட்டாள். எங்கள் சபரகமுவ மாகாணத்தில் தேங்காய் இல்லாமல் எதைச் சமைப்பது? ரொட்டியில் தேங்காய்ப்பூ, சம்பலில் தேங்காய், கீரையில் தேங்காய்ப்பால். அதையெல்லாம் தள்ளிவிட்டு வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் உப்புப் போட்ட கீரையுமாகச் சாப்பிட்டாள். பிறகு பாலை விட்டாள், எண்ணெயையும் விட்டாள். மருந்துக் காம்பராவில் கொடுத்த குளிசைகளைத் தொடவே இல்லை.

"குளுசயப் போட்டா, நான் களவாத் தின்னேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றாள். "சாப்பாட்டுலயே கொறச்சிக் காட்டுறேன். அப்ப பேசட்டும் இவங்க."

மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கினாள். வெட்டுக் கத்தியைப் பிடிக்கிற கை நடுங்கியது. மழைக்காலம் ஒன்று போய் மறுபடி இரத்தம் எடுத்தார்கள். கொஞ்சம் குறைந்திருந்தது. கொஞ்சம்தான். மிஸ் இந்த முறை சிரிக்கவில்லை. அக்காவின் முகத்தைப் பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தார். கண் இமைகளின் உள்மூலையில், மூக்கை ஒட்டி, மஞ்சளாகத் தடித்த இரண்டு திட்டுகள் அவளுக்கு இருந்தன. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். மரு என்று நினைத்திருந்தேன். மிஸ் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகச் சொன்னார். சிங்களம் பேச ஆள் வேண்டும் என்று அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

கிளினிக்கில் இருந்த டொக்டர் இளம் பெண். தமிழ் தெரியாது என்று தொடக்கத்திலேயே வருத்தத்தோடு சொன்னார். அக்காவின் கண்ணைப் பார்த்தார், முழங்கையைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றச் சொல்லி, கீழே குனிந்து, குதிகாலுக்கு மேலே பின்பக்க நரம்பை விரலால் பிடித்து அழுத்தினார். கயிறு மாதிரி மெலிசாக இருக்க வேண்டிய இடம் அக்காவுக்கு விரல் தடிமனில் கட்டியாக இருந்தது.

"இது எப்போதிருந்து?" என்று கேட்கச் சொன்னார்.

"மலையில ஏறி எறங்குற காலுதானே. சின்ன வயசுலருந்து அப்புடித்தான்" என்றாள் அக்கா.

டொக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். நான் சொன்னேன். அக்கா என் கையைப் பிடித்து, "களவா ஒண்ணும் திங்கலன்னு சொல்லு புள்ள, சத்தியமா இல்லன்னு சொல்லு" என்றாள். அவள் சொன்னபடியே சொன்னேன். டொக்டர், "எனக்குத் தெரியும். இது சாப்பாட்டால் வந்ததில்லை" என்றார்.

இதை நான் தமிழில் சொன்னதும் அக்காவின் கண் கலங்கிவிட்டது. டொக்டர் அவசரப்படவில்லை. வெளியே ஆட்கள் காத்திருந்தும் நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார். அவர் ஒரு வாக்கியம் சொல்ல, நான் அதை எங்கள் பேச்சுக்கு மாற்ற, அக்கா ஒரு கேள்வி கேட்க, அதை நான் திருப்பிச் சிங்களத்தில் கேட்க, அப்படியே போனது.

"கொலஸ்ட்ரோல்ங்கிறது வெளியிலருந்து வர்ற அழுக்கு இல்லயாம் அக்கா. ஒடம்பே அதச் செய்யுதாம். நாம திங்கிறதுலருந்து வர்றது கொஞ்சந்தானாம். மிச்சமெல்லாம் உள்ளுக்கே செய்யுறதாம். ஈரல்தான் நெறையச் செய்யுதாம்."

"எதுக்குச் செய்யுது? அதுக்கு வேற வேல இல்லையா?"

நான் அப்படியே மொழிபெயர்த்தேன். டொக்டர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சொன்னார்: அது இல்லாவிட்டால் உடம்பே இல்லை. உடம்பு முழுக்க இருக்கிற கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகளுக்கெல்லாம் ஒரு மெல்லிய சுவர் இருக்கிறது, அந்தச் சுவரில் அது இருக்கிறது. பெண்ணைப் பெண்ணாக வைத்திருக்கிற சுரப்புகளை உடம்பு அதிலிருந்துதான் செய்கிறது. வெயில் பட்டால் தோலில் ஊறுகிற சத்துக்கும் அதன் உறவுக்காரப் பொருள்தான் மூலம். சாப்பிட்ட எண்ணெயைக் கரைக்க வயிற்றுக்குள் இறங்குகிற பித்தத்தையும் ஈரல் அதிலிருந்துதான் காய்ச்சி எடுக்கிறது.

பித்தம் என்று நான் சொன்னதும் அக்கா தலையை ஆட்டினாள். "எனக்குப் பித்தம் இருக்கு. அடிக்கடி தல சுத்தும். இஞ்சி குடிப்பேன்" என்றாள். சிங்களத்திலும் அதே சொல்தான், 'பித்த'. ஆனால் டொக்டர் சொன்னது அதுவல்ல என்று விளங்கவைக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. கோழி வெட்டும்போது ஈரலோடு ஒட்டிக்கொண்டு பச்சையாக ஒரு பை இருக்குமே, உடைந்தால் கறியே கசந்துவிடுமே, அந்தத் தண்ணீர் என்றேன். மாமிசத்தை விட்டு இத்தனை வருஷமானாலும் அக்காவுக்கு அது உடனே பிடிபட்டது.

டொக்டர் தொடர்ந்தார். சீனியையும் மற்றக் கொழுப்பையும் உடம்பு எரித்துச் சக்தியாக்கிவிடும். கொலஸ்ட்ரோலை அப்படி எரிக்க உடம்புக்குத் தெரியாது. மிஞ்சியதை வெளியேற்ற இருக்கிற பெரிய வழி ஒன்றுதான்: ஈரல் அதைப் பிடித்து, பித்தமாக மாற்றியோ அப்படியே பித்தத்தில் கலந்தோ குடலுக்குள் விட வேண்டும். அதிலும் பெரும்பகுதியைச் சிறுகுடலின் கடைசியில் உடம்பு மறுபடி உறிஞ்சி ஈரலுக்கே அனுப்பிவிடும். கொஞ்சம்தான் மலத்தோடு போகும்.

"அப்ப மொதல்ல ஈரல் அதப் புடிக்கணும்?" என்றாள் அக்கா.

"அங்கேதான் கோளாறு" என்றார் டொக்டர். இரத்தத்தில் போகிற கொலஸ்ட்ரோலைப் பிடித்து உள்ளே இழுக்க ஈரலின் மேல் கைகள் மாதிரி இருக்கின்றனவாம். எல்லாருக்கும் இருக்கிற அளவில் பாதிதான் அக்காவுக்கு இருக்கின்றன. பிறக்கும்போதே அப்படி. இரத்தத்தில் நிரம்பிக் கிடந்தாலும் உள்ளே வந்து சேருவது குறைவு. உள்ளே குறைந்தால் ஈரல் என்ன நினைக்கும்? பற்றாக்குறை என்று நினைத்து இன்னும் செய்யும். ஈரலுக்கு வெளியில் நடப்பது தெரியாது. தன் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும்தான் அது பார்க்கும். பிடிபடாமல் சுற்றுவது நாளாக நாளாக இரத்தக் குழாயின் சுவரிலும், கண் இமையிலும், குதிகால் நரம்பிலும் போய்ப் படியும்.

"நான் பட்டினி கெடந்தேனே, அது?"

"வெளியே இருந்து வருவது குறைந்தால் உள்ளே செய்வதைக் கூட்டிக்கொள்ளும். அதனால்தான் கொஞ்சமாகக் குறைந்தது. உடம்பைக் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம்."

குளிசை என்ன செய்யும் என்பதையும் சொன்னார். ஈரல் கொலஸ்ட்ரோல் செய்கிற வேலையை அது நடுவில் ஓரிடத்தில் தடுக்கும். செய்ய முடியாத ஈரலுக்கு உள்ளே தேவை கூடும். அப்போது அது இருக்கிற வசதியை வைத்து இன்னும் கொஞ்சம் கைகளை வெளியே நீட்டும், இரத்தத்தில் இருப்பதைப் பிடித்து உள்ளே இழுக்கும். அக்கா இதை இரண்டு முறை சொல்லச் சொன்னாள். பிறகு, "அப்ப குளுச கொலஸ்ட்ரோலக் கரைக்கிறதில்ல. ஈரலத்தான் வேல வாங்குது" என்றாள். நான் சிங்களத்தில் சொன்னதும் டொக்டர், "ஆமாம், சரியாக விளங்கிவிட்டது" என்றார்.

அதற்குப் பிறகுதான் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். அக்காவின் தகப்பன், அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பால் வாளியோடு மலையில் விழுந்து செத்துப்போனார். பேய் அடித்தது என்று பேசிக்கொண்டார்களாம். அண்ணன்?

அக்கா குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். நான் அவளைப் பார்த்தேன்.

"மாரடைப்பு" என்றாள் கடைசியில். "நாப்பதுகூட ஆகல."

டொக்டர் பேனாவை வைத்துவிட்டார். தகப்பன் வழியாக வந்திருக்க வேண்டும், அண்ணனுக்கும் இருந்திருக்க வேண்டும், இப்போது பரிசோதித்து உறுதிசெய்ய முடியாது, ஆனால் தனக்குச் சந்தேகம் குறைவு என்றார். அக்காவின் மகளுக்கும், அண்ணனுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் கட்டாயம் இரத்தம் பார்க்க வேண்டும் என்றார். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

அக்கா என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "அண்ணி ஆக்கிப்போட்ட எறச்சியாலதானே எங்கண்ணன் செத்துச்சி? கேளு புள்ள."

கேட்டேன்.

"இறைச்சி கொஞ்சம் கூட்டியிருக்கலாம்" என்றார் டொக்டர். "ஆனால் அந்த வயதில் ஆளைக் கொண்டுபோனது அது இல்லை. இவர் இத்தனை வருஷம் மரக்கறி மட்டும் சாப்பிட்டிருக்கிறார். இவர் இரத்தத்தைப் பாருங்கள்."

வெளியே வந்து ஆஸ்பத்திரிக் கன்டீனில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். அக்கா குடிக்கவில்லை. அங்கேதான் எனக்குச் சொன்னாள். அண்ணனுக்குப் பன்றி இறைச்சி என்றால் உயிர். அண்ணி அதை மிளகும் புளிப்புக்குக் கொறுக்காப்புளியும் போட்டு வறட்டி வைத்தால் இரண்டு நாளும் அதே கறிதான் கேட்பாராம். சாவு வீட்டில், பெட்டியைத் தூக்கப்போகிற நேரத்தில், ஊர் முழுக்க நிற்கும்போது அக்கா அண்ணியின் முகத்துக்கு நேரே கத்தியிருக்கிறாள்: 'நீதான்டி ஆக்கிப் போட்டே கொன்ன!' கருமாதி முடிந்த அன்று அவள் மாமிசத்தை விட்டது அண்ணன் மேல் பாசத்தால் மட்டுமில்லை. அண்ணிக்குக் காட்டுவதற்காகவும்தான். அதன் பிறகு இரண்டு பேரும் முகம் பார்க்கவில்லை. அண்ணி இரண்டு பிள்ளைகளோடு நிவித்திகலைப் பக்கம் தன் தாய் வீடு இருந்த தேயிலைத் தோட்டத்துக்கே போய்விட்டார்.

"நான் மரக்கறி சாப்புட்ட ஒவ்வொரு சோத்துக்கும் அவளத் திட்டிக்கிட்டேதான் சாப்புட்டேன்" என்றாள் அக்கா.

அன்று வீட்டில் அத்தானுக்கு நான்தான் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் குறுக்கே ஒரு வேடிக்கையும் பேசவில்லை. மறுநாள் மாலை பால் நிறுக்கிற இடத்தில், எல்லாரும் இருக்கும்போது, "எம் பொஞ்சாதி ஒண்ணும் களவாத் தின்னல. அது அவங்கப்பன் வழியில இரத்தத்துல வந்த நோவு. இனி யாரும் அதப் பத்திப் பேசக்கூடாது" என்று உரக்கச் சொல்லியிருக்கிறார். பெருமையோடு வந்து எங்களிடமும் சொன்னார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"பரம்பரை நோவுன்னு ஊருக்கே தப்படிச்சுச் சொல்லிட்டு வந்திருக்கீங்களே! வீட்டுல ஒரு பொம்பளப் புள்ள இருக்கிறது ஞாபகம் இல்லையா?"

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற மகள் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி, "சொன்னாச் சொல்லட்டும்மா. குளுச போடுறதுக்குப் பயப்புடுறவன் எனக்கு வேணாம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை. ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் குளிசையைப் போட்டுக்கொண்டாள்.

நிவித்திகலைக்குப் போக அவளுக்கு மனம் வரச் சில வாரங்கள் ஆயின. அண்ணியின் நம்பர் யாரிடமாவது இருக்கும், போனில் சொல்லிவிடலாம் என்று நான் சொன்னேன். "போன்ல சொல்ற விசயமா இது?" என்றாள். ஒரு பௌர்ணமிப் போயா லீவு நாளில் இரண்டு பேரும் புறப்பட்டோம். அவிசாவளையில் பஸ் மாறி, இரத்தினபுரியில் மறுபடி மாறி, நிவித்திகலையில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். வழி முழுக்க அக்கா மடியில் ஒரு பை வாழைப்பழத்தை அணைத்துக்கொண்டு வந்தாள். மழை விட்டு விட்டுப் பெய்தது. வயல்களுக்கு நடுவே மாணிக்கக் குழிகளின் கூரைகளும், தண்ணீர் இறைக்கிற மெஷின்களின் சத்தமும் வந்து வந்து போயின.

அண்ணியின் லயத்தில் அவரே வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் அவரை முதல் தடவை பார்க்கிறேன். மெல்லிய முகம், நரைத்த தலை. அக்காவைக் கண்டதும் கையில் இருந்த துணியை மெதுவாகக் கொடியில் போட்டு, கிளிப்பும் மாட்டிவிட்டு, "வாங்க" என்றார்.

கூடப் பிறந்தவள் மாதிரி 'வா, போ' என்று பேசிய ஆளாம் ஒரு காலத்தில். அந்த 'வாங்க'வில் அக்கா கொஞ்சம் குறுகிப்போனாள்.

உள்ளே உட்கார்ந்தோம். தேத்தண்ணி வந்தது. மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, மகன் மாணிக்கக் குழியில் வேலை செய்கிறான், இன்றைக்கு அரை நாள்தான், வருகிற நேரம் என்றார். அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அண்ணி, நான் ஒரு விசயம் சொல்ல வந்தேன். எனக்கு இரத்தத்துல கொலஸ்ட்ரோல் கூடன்னு கண்டுபுடிச்சிருக்காங்க. பொறப்புலயே வந்ததாம். அப்பாகிட்டருந்து. அண்ணனுக்கும் அதுதான் இருந்திருக்கும்னு டொக்டர் சொல்றாங்க. நீங்க ஆக்கிப் போட்டதால இல்லயாம்."

அண்ணி தன் டம்ளரையும் கீழே வைத்தார்.

"நான் அன்னைக்கிப் பேசுனது பொய் அண்ணி. தெரியாமப் பேசிட்டேன். பெரிய பாவம் பண்ணிட்டேன்."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் யார் என்பதே அப்போதுதான் அவர் மனதில் பட்டது போல இருந்தது. "இவங்க சொல்றது நெசமா?" என்று என்னிடம் கேட்டார். டொக்டர் சொன்னதை எல்லாம் நான் சொன்னேன்: ஈரல் தானே செய்வது, பிடிக்கிற கைகள் பாதியாக இருப்பது, கண்ணில் மஞ்சள் திட்டு, குதிகாலில் கட்டி. குதிகால் என்றதும் அண்ணியின் முகம் மாறியது.

"என்ன சொன்ன? குதிகாலா?"

அக்கா காலை நீட்டிக் காட்டினாள். அண்ணி இறங்கித் தரையில் உட்கார்ந்து, அந்தத் தடித்த நரம்பைத் தொட்டுப் பார்த்தார். கையை எடுக்கவே இல்லை.

"அவரு சப்பாத்துப் போட மாட்டாரு" என்றார். "கல்யாணத்துக்கு வாங்குனதையே பின்னால முட்டுது, வலிக்குதுன்னு கழட்டி வீசிட்டாரு. பின் வார் வச்ச செருப்பும் ஆகாது. நான் எண்ண போட்டு நீவி விடுவேன். கல்லு மாதிரி இருக்கும். இதேதான். இதே மாதிரிதான்."

பிறகு அவர் அழுதார். சத்தம் வராமல், அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டே. அக்காவும் கீழே இறங்கி உட்கார்ந்தாள். நான் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டேன். அண்ணி சொல்வது அங்கேயும் கேட்டது.

"நீ சொன்னத நான் நம்புனேன் தெரியுமா? ஊரு மறந்துடுச்சி, நான் மறக்கல. அதுக்கப்புறம் இந்த வீட்டுல நான் ஒரு எறச்சிச் சட்டி வைக்கல. மகன் கேட்டா, கடையில போய்ச் சாப்புடுன்னுடுவேன். என் கையால ஆக்குனா அவனுக்கும் என்னமாவது ஆயிடும்னு பயம். நல்லா ஆக்குவேன்னு பேரு எனக்கு. இப்ப பருப்பு வேக வைக்கிறதுகூட பயந்து பயந்துதான்."



மகன் வந்தபோது உடம்பெல்லாம் குழிச் சேறு. நல்ல ஆகிருதியான பிள்ளை. அத்தையை அடையாளம் தெரியாமல் விழித்தான். குளித்துவிட்டு வந்ததும் அக்கா அவனை உட்காரவைத்து, டொக்டர் செய்த மாதிரியே குனிந்து குதிகாலைப் பிடித்து அழுத்தினாள். அவன் கூச்சத்தில் நெளிந்து சிரித்தான்.

"என்ன அத்த இது, எனக்கு ஒரு நோவும் இல்ல. மூட்ட தூக்குறேன், குழியில எறங்குறேன்."

"ஒங்கப்பாவும் அப்புடித்தான்டா சொன்னாரு" என்றார் அண்ணி.

அவன் சிரிப்பு நின்றது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடையது போலத் தடிமனாக இல்லை. ஆனால் மெலிசாகவும் இல்லை. நாங்கள் டொக்டர்கள் அல்ல. இரத்தம் பார்த்தால்தான் தெரியும் என்று சொன்னோம்.

மத்தியானம் அண்ணி சோறு போட்டார். பருப்பும் பலாக்காயும். அக்கா கேட்டு வாங்கி இரண்டாம் முறை சாப்பிட்டாள். புறப்படும்போது ஆட்டோ வரைக்கும் வந்தார். கட்டிப்பிடித்து அழுகிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. "பாத்துப் போங்க" என்றார், அவ்வளவுதான். பஸ்ஸில் அக்கா, "அவளால என்னய மன்னிக்க முடியாது. மன்னிக்கவும் வேணாம். புள்ளையப் பாத்துக்கிட்டாப் போதும்" என்றாள்.

அந்தப் பிள்ளைக்கு இரத்தினபுரியில் இரத்தம் பார்த்தார்கள். அவனுக்கும் இருந்தது, குளிசை கொடுத்தார்கள். கட்டிக்கொடுத்த மகளுக்கு இல்லை. இங்கே எங்கள் அக்கா மகளுக்கு இருந்தது. அன்று அத்தான் சாப்பிடாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். மகள்தான் போய், "சின்ன வயசுலேயே தெரிஞ்சது நல்லதுப்பா, இருபது வருசம் முன்னாடி தெரிஞ்சிருந்தா மாமா இருந்திருப்பாரு" என்று சமாதானம் சொன்னாள். அவளை இப்போதைக்குக் கிளினிக்கில் பார்த்துவருகிறார்கள். கல்யாணம், பிள்ளை என்று வரும்போது குளிசையைப் பற்றி முன்கூட்டியே டொக்டரிடம் பேச வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அக்காவின் அளவு குளிசைக்கு நன்றாகவே இறங்கியது. கண்ணில் இருக்கிற திட்டுகள் அப்படியே இருக்கின்றன. தேங்காய்ச் சம்பலைக் கொஞ்சமாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டாள். மாமிசம் சாப்பிடலாமே என்று அத்தான் ஒரு நாள் கேட்டதற்கு, "ருசி மறந்துபோச்சு" என்று சொல்லிவிட்டாள். இப்போது யாரையும் திட்டாமல் மரக்கறி சாப்பிடுகிறாள். உடம்பும் கொஞ்சம் தேறியிருக்கிறது.

அண்ணி இப்போது போன் பண்ணுகிறார். முதலில் என் போனுக்கு, என்னோடுதான் பேசுவார். பிறகு, "அவ பக்கத்துல இருக்காளா?" என்று கேட்பார். இரண்டு பேரும் பேசிக்கொள்வது எல்லாம் குளிசையைப் பற்றித்தான். காலையில் போடுவதா இரவில் போடுவதா, மறந்துபோனால் மறுநாள் இரண்டு போடலாமா, பார்மசியில் வேறு நிறத்தில் கொடுத்தால் அது அதேதானா. போன வாரமும் அப்படித்தான். நான் கடையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் நின்று போனைக் காதில் அழுத்திக்கொண்டு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"தொடை வலின்னா சும்மா விடக்கூடாது அண்ணி. குழியில எறங்குறதால வலிக்குதா, குளுசயால வலிக்குதான்னு நமக்குத் தெரியாது. அவனா நிப்பாட்டிடக் கூடாது. கிளினிக்ல சொல்லச் சொல்லுங்க, அவங்க அளவ மாத்திக் குடுப்பாங்க. ஆங்... ஆங்... நான் சொன்னாக் கேக்க மாட்டானா? சரி, அவன்கிட்ட குடுங்க போன."